என்ஜின்எக்ஸ் 1.24-லிருந்து 1.28-க்கு: பாம்பன் கரையில் எந்த மாற்றம் முக்கியம்?

தெற்குவாடி
முதல் பதிவு, மாலை 6.50

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் கரைகளில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர்களுக்காக ஒரு சிறிய இணையதளம் நடத்துகிறேன். காற்றின் திசை, வேகம், அலை உயரம், அன்றைய ஏல விலை, அவ்வளவுதான் அதில் இருக்கும். வாடகை சர்வர் ஒன்று, அதில் உபுண்டு 24.04 இயங்குதளம், அது தரும் என்ஜின்எக்ஸ் 1.24 (போன் கேட்கும் பக்கத்தை அனுப்பும் வெப் சர்வர் மென்பொருள்). காற்றுக் கணக்கைத் திரட்டும் நிரல் வேறொரு வாடகை இயந்திரத்தில் ஓடுகிறது. என்ஜின்எக்ஸ் அங்கிருந்து பக்கத்தை வாங்கி, கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்து, போன்களுக்குக் கொடுக்கிறது.

போன வாரம் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா கடற்கரையிலிருந்து திரும்பி வந்தார். வள்ளத்தைத் தள்ளுவதற்கு ஆள் சேர்ந்த பிறகு திரும்பியிருக்கிறார். பாலித்தீன் உறையில் சுற்றிய போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். நீ போட்ட பக்கத்தில் காற்று மிதம் என்று இருக்கிறதே, எது சரி?" என்று கேட்டார். கூண்டுதான் சரி. என் பக்கத்தில் இருந்தது முந்தைய நாள் காலைக் காற்று.

காரணம் மதியம்தான் பிடிபட்டது. முந்தைய நாள் நண்பகலில் காற்றுக் கணக்கு இயந்திரத்தை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதன் ஐபி முகவரி மாறிவிட்டது. டிஎன்எஸ்ஸில், அதாவது பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் பதிவேட்டில், புதிய முகவரி சரியாகவே இருந்தது. ஆனால் என்ஜின்எக்ஸ் தொடங்கும்போது ஒருமுறை பெயரைக் கேட்டுக்கொண்டதோடு சரி, அதன் பிறகு கேட்கவே இல்லை. பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. பதில் வராதபோது பக்கம் வெறுமையாகிவிடக் கூடாது என்று 'ப்ராக்ஸி_கேஷ்_யூஸ்_ஸ்டேல்' என்ற வரியை நான்தான் எழுதி வைத்திருந்தேன். அது சொன்னபடியே பழைய பக்கத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறது. பதினாறு மணி நேரம்.

அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. கூண்டைப் பார்த்ததால் போகவில்லை, என் தளத்தைப் பார்த்து அல்ல. இதை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

1.28-க்கு மாறினால் இந்தக் குறை தீரும் என்று ஒருவர் சொன்னார். மாற்றப் பட்டியலைப் படித்தால் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. இவற்றில் எனக்கு வேண்டியது எது, எதனால் என் தளம் உடையும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி மாணவன்
இரவு 7.15

அக்கா, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யும்படி (அமைப்பை மறுபடி படிக்கும்படி), குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் கிரானில் ஒரு வரி போட்டால் போதுமே? ஒவ்வொரு முறையும் பெயரைப் புதிதாகக் கேட்டுக்கொள்ளும். பதிப்பு மாற்றவே தேவையில்லை.

கீழக்கரையான்
இரவு 8.05

தம்பி சொல்வது வேலை செய்யும், ஆனால் அதை நிரந்தரமாக்க வேண்டாம். ஒவ்வொரு ரீலோடிலும் புதிய வொர்க்கர்கள் (வருகைகளைக் கவனிக்கும் செயல்முறைகள்) பிறக்கும். பழையவை தங்கள் கையிலுள்ள இணைப்புகள் முடியும்வரை உயிரோடு காத்திருக்கும். மெதுவான போன்கள் நிறைய இருக்கும் இடத்தில் பழைய வொர்க்கர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். நினைவகம் குறைந்த வாடகை சர்வரில் அது தாங்காது. இன்னொன்று: ரீலோடு நேரத்தில் டிஎன்எஸ் பதில் வராவிட்டால் புதிய அமைப்பையே என்ஜின்எக்ஸ் ஏற்காது, பழையதோடு ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி அதே பழைய முகவரி.

தங்கச்சி, உனக்கு வேண்டியது 1.27.3-ல் வந்த மாற்றம். 2024 நவம்பரில் வெளியானது. பக்கத்தை எந்த இயந்திரத்திடம் வாங்குவது என்று எழுதும் அப்ஸ்ட்ரீம் பகுதியில் சர்வர் பெயருக்குப் பின்னால் 'ரிசால்வ்' என்று எழுதினால், டிஎன்எஸ் சொல்லும் கால அளவு முடிந்ததும் என்ஜின்எக்ஸ் தானே பெயரை மறுபடி கேட்டு முகவரியை மாற்றிக்கொள்ளும். அதுவரை இது காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் மட்டும்தான் இருந்தது. துபாயில் நான் வேலை பார்க்கும் இடத்தில் இந்த ஒன்றுக்காகவே பல சுற்றுவழிகள் வைத்திருந்தோம், எல்லாவற்றையும் அழித்துவிட்டோம்.

என்ஜின்எக்ஸில் நடுவில் வரும் எண் ஒற்றைப்படை என்றால் புதிய வசதிகள் சேர்ந்துகொண்டே இருக்கும் வரிசை. இரட்டைப்படை என்றால் நிலைத்த வரிசை. 1.27-ல் சேர்ந்தவையெல்லாம் 2025 ஏப்ரலில் 1.28.0 ஆக நிலைபெற்றன. ஆகவே நீ 1.28-க்குப் போகலாம். உபுண்டு 24.04-இன் களஞ்சியத்தில் கிடைக்காது. என்ஜின்எக்ஸின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

'ரிசால்வ்' என்று எழுதினால் மட்டும் போதாது. அந்த அப்ஸ்ட்ரீமுக்கு 'ஜோன்' என்று பொது நினைவகம் ஒதுக்க வேண்டும், எல்லா வொர்க்கர்களும் ஒரே முகவரியைப் பார்ப்பதற்காக. எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று 'ரிசால்வர்' வரியும் வேண்டும். இந்த இரண்டில் எதை விட்டாலும் வசதி கிடைக்காது.

மண்டபம் பெரியவர்
இரவு 8.40

மகளே, கீழக்கரைத் தம்பி சொன்னது சரி. ஆனால் உன் குறை அதோடு தீரவில்லை. முகவரி மாறியது ஒரு காரணம். நாளை அந்த இயந்திரமே நின்றுபோகலாம், நிரல் தடுக்கி விழலாம், இடையில் கேபிள் அறுந்து போகலாம். அப்போதும் உன் 'யூஸ்_ஸ்டேல்' வரி பழைய காற்றைத்தான் கொடுக்கும். எவ்வளவு பழையது வரை கொடுக்கலாம் என்று அந்த வரியில் எல்லை போட இடமே இல்லை. ஒரு வாரம் பழையதைக்கூடக் கொடுக்கும், மக்கள் பார்த்துக்கொண்டே இருந்தால் கேஷிலிருந்து அது நீங்காது.

ஏல விலைப் பக்கத்துக்கு அது இருக்கட்டும். நேற்று நண்டு என்ன விலைக்குப் போனது என்று இன்று தெரிவதில் ஒரு பயன் உண்டு. காற்றுப் பக்கத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடு. அதற்குப் பதில், காற்றுக் கணக்கு நிரல் பதிலோடு அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் தலைப்பில் (ஹெடரில்) 'ஸ்டேல்-இஃப்-எரர்' என்று சேர்த்து வினாடிகளில் எல்லை கொடு. என்ஜின்எக்ஸ் அதை மதிக்கும், உன் 1.24-லும் மதிக்கும். ஆனால் 'யூஸ்_ஸ்டேல்' வரி அங்கே இருந்தால் அதற்குத்தான் முன்னுரிமை, தலைப்பில் சொன்னது எடுபடாது. அதனால்தான் எடுத்துவிடச் சொல்கிறேன்.

நான் கப்பலில் வானொலி இயக்கியவன். வானிலை அறிக்கை வந்தால் காற்று எவ்வளவு என்று எழுதும் முன்னால், எத்தனை மணிக்குக் கணித்தது என்பதைத்தான் எழுதுவோம். மணி இல்லாத அறிக்கையைக் கேப்டன் கையில் கொடுக்கவே மாட்டோம். உன் பக்கத்தில் மணி இருக்கிறதா?

தெற்குவாடி
இரவு 8.52

இருக்கிறது ஐயா. ஆனால் கீழே, சிறிய எழுத்தில். அப்பா அதைப் பார்த்ததே இல்லை. இன்றைக்கே மேலே கொண்டுவருகிறேன்.

தொண்டி மாணவன்
இரவு 9.10

இவ்வளவு சிரமம் எதற்கு அக்கா? கேடி (Caddy) என்று இன்னொரு வெப் சர்வர் இருக்கிறது. சான்றிதழைத் தானே வாங்கிக்கொள்ளும், எச்டிடிபி/3 (பக்கங்களை அனுப்பும் நெறிமுறையின் புதிய பதிப்பு) கேட்காமலேயே ஓடும். ஒரு மாலையில் மாறிவிடலாம்.

மண்டபம் பெரியவர்
இரவு 9.22

நல்ல மென்பொருள்தான் தம்பி. ஆனால் என்ஜின்எக்ஸில் எங்கே பள்ளம் என்று இந்தப் பெண்ணுக்கு இப்போது தெரியும். கேடியில் எங்கே என்று தெரியாது. வாடைக்காலம் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் தெரியாத தண்ணீரில் இறங்கச் சொல்லாதே.

ஏர்வாடி அலை
இரவு 9.45

பெரியவர் சொல்வதையே நானும் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் முன்னால் போய். இப்போது எதையும் மாற்ற வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும்போது நிதானமாகப் பதிப்பை மாற்றலாம். அதுவரை 1.24 ஓடட்டும். உபுண்டு பாதுகாப்புத் திருத்தங்களைப் பழைய பதிப்புக்கும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறது.

தெற்குவாடி
இரவு 10.05

அண்ணன், மன்னிக்கவும், இதை ஒத்துக்கொள்ள முடியாது. தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகுகள் அந்த இரண்டு மாதமும் கடலுக்குப் போகின்றன. என் தளத்தைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் வள்ளத்துக்காரர்கள்தான். விசைப்படகில் வயர்லெஸ் இருக்கும், ஜிபிஎஸ் இருக்கும், பக்கத்தில் இன்னொரு படகு இருக்கும். வள்ளத்தில் போகிறவருக்குக் கையில் ஒரு போன், அதுவும் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வரைக்கும்தான். பாசி எடுக்கப் போகும் பெண்களும் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் போனைக் கரையில் வைத்துவிட்டுப் போகும் முன் பார்த்தது மட்டும்தான். இந்தக் கரையில் என் தளத்துக்கு விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது.

ஆகவே மாற்றினால் வாடைக்காலத்திலேயேதான் மாற்ற வேண்டும், பகல் இரண்டு மணிக்கு. அந்த நேரத்தில்தான் பார்ப்பவர்கள் குறைவு. இன்று ஒரு தனி இயந்திரத்தில் 1.28-ஐ நிறுவி என் அமைப்புக் கோப்புகளை அப்படியே வைத்துச் சோதித்தேன். ஒரு பிழை, இரண்டு எச்சரிக்கை. மறையாக்கத்தை இயக்கும் 'எஸ்எஸ்எல் ஆன்' என்ற வரியே தெரியாது என்கிறது.

கீழக்கரையான்
இரவு 10.30

எதிர்பார்த்ததுதான். 2023 ஜூனில் வந்த 1.25.1-ல் மூன்று பழைய பொருட்களில் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். 'எஸ்எஸ்எல் ஆன்' என்று தனியாக எழுதும் முறை அன்றோடு போனது. 1.15-லிருந்தே அதை விடச் சொல்லி எச்சரித்துக்கொண்டிருந்தார்கள். 'லிசன்' வரியிலேயே 443-க்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்எல்' என்று எழுதிவிடு, தீர்ந்தது. இதைக் கவனிக்காமல் பதிப்பை மாற்றியிருந்தால் என்ஜின்எக்ஸ் எழுந்தே இருக்காது. நீ தனி இயந்திரத்தில் சோதித்தது நல்ல புத்தி. எப்போதும் முதலில் சோதனைக் கட்டளை, அதன் பிறகே ரீலோடு.

எச்சரிக்கைகள் 'லிசன்' வரியின் கடைசியில் எழுதும் 'எச்டிடிபி2' என்ற சொல்லைப் பற்றியவையாக இருக்கும். இனி அது தனி வரி: 'எச்டிடிபி2 ஆன்'. முன்பு ஒரே முகவரியில் நான்கு தளம் இருந்தால் ஒன்றில் எழுதியது நான்குக்கும் ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக வைக்கலாம். பழைய முறை இன்னும் ஓடும், ஆனால் இப்போதே மாற்றிவிடு. மூன்றாவது, போன் கேட்கும் முன்பே கோப்புகளை அனுப்பும் சர்வர் புஷ். அதை எடுத்தேவிட்டார்கள். குரோமும் அதற்கு முந்தைய ஆண்டே கைவிட்டிருந்தது. உன்னிடம் அந்த வரி இருந்தால் அழித்துவிடு.

ஏர்வாடித் தம்பி பாதுகாப்புத் திருத்தம் பற்றிச் சொன்னது உண்மை. 2023 அக்டோபரில் எச்டிடிபி/2-ல் ரேபிட் ரீசெட் தாக்குதல் வெளிவந்தபோது, தவறாக நடக்கும் இணைப்புகளைக் கண்டுபிடிக்கும் முறையை 1.25.3-ல் கூட்டினார்கள். அதுபோன்றவற்றை உபுண்டு பழைய எண்ணுக்குள்ளேயே ஒட்டித் தரும். எண்ணை மட்டும் பார்த்து 1.24 ஓட்டை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உன் பக்கத்தில் விலையைப் பதிகிறவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்? கடவுச்சொல்லா, சான்றிதழா?

தெற்குவாடி
இரவு 10.38

சான்றிதழ் காக்கா. ஏலக் கணக்கர்கள் போனில் ஒருமுறை நிறுவிக் கொடுத்தேன். கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைக்கிறார்கள் என்பதால்.

கீழக்கரையான்
இரவு 10.50

அப்படியானால் ஒன்றைக் கவனி. சிவிஇ-2025-23419 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை. ஒரே முகவரியிலும் போர்ட்டிலும் பல தளங்கள் இருந்து, அவற்றில் சான்றிதழ் கேட்பவையும் இருந்தால், மறையாக்க நெறிமுறையான டிஎல்எஸ் 1.3-ல் ஒரு தளத்தில் தொடங்கிய அமர்வைக் கொண்டுபோய் இன்னொன்றில் தொடர முடிந்தது. சான்றிதழ்ச் சோதனையைத் தாண்டிவிடலாம். 1.26.3-லும் 1.27.4-லும் மூடினார்கள். 1.28-ல் அந்தத் திருத்தம் அடங்கியிருக்கிறது. தவறான விலையைப் பதிந்தால் அன்று காலை ஏலத்தில் எத்தனை பேர் ஏமாறுவார்கள் என்று உனக்கே தெரியும்.

ஏர்வாடி அலை
இரவு 11.10

நாட்டுப்படகு பற்றி அக்கா சொன்னதை நான் யோசிக்கவில்லை. என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பகல் இரண்டு மணி சரியான நேரம்.

அப்படி மாற்றுவதென்றால் எச்டிடிபி/3-ஐயும் சேர்த்துச் செய்யலாமா? வாலிநோக்கம் பக்கம் என் சித்தப்பா படகில் போகும்போது நானே பார்த்திருக்கிறேன். கரையில் வைஃபையில் திறந்த பக்கம் மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் சுற்றிக்கொண்டே நிற்கும். கொஞ்ச தூரம் போனால் சிக்னல் ஒரு கோடு. எச்டிடிபி/3-ல் இணைப்பு அறாமல் கூடவே வரும் என்று படித்தேன்.

கீழக்கரையான்
இரவு 11.40

படித்தது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

இதுவரை உள்ள முறையில் இணைப்பு என்பது இரண்டு பக்கத்து ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் சேர்ந்தது. போனின் முகவரி மாறினால் இணைப்பு செத்தது. மறுபடி முதலிலிருந்து கைகுலுக்க வேண்டும். எச்டிடிபி/3 ஓடுவது குவிக்கின் மேல். 2021-ல் தரப்படுத்திய நெறிமுறை அது. அதில் இணைப்புக்கென்று ஓர் அடையாள எண் இருக்கிறது. வீட்டை மாற்றினாலும் ஆளை அந்த எண்ணால் அறிந்துகொள்ளலாம். இன்னொரு நன்மை, வழியில் ஒரு பொட்டலம் (தரவுத் துண்டு) தொலைந்தால் பழைய முறையில் பின்னால் வரும் எல்லாமே நிற்கும். குவிக்கில் அந்த ஓர் ஓடை மட்டும் காத்திருக்கும், மற்றவை வந்து சேரும். ஒரு கோடு சிக்னலில் இதுதான் உடனே தெரியும் மாற்றம்.

என்ஜின்எக்ஸில் எச்டிடிபி/3 சோதனை நிலையில் 1.25.0-ல் வந்தது, 1.26-லிருந்து நிலைத்த வரிசையில் இருக்கிறது. ஆனால் வொர்க்கர்கள் பல இருந்தால் 'ரீயூஸ்போர்ட்' போட வேண்டும். அப்போது ஒவ்வொரு வொர்க்கருக்கும் தனி வாசல். வரும் பொட்டலத்தை எந்த வாசலுக்கு அனுப்புவது என்று லினக்ஸ் கெர்னல் முகவரியையும் போர்ட்டையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. போனின் முகவரி மாறியதும் பொட்டலம் வேறு வொர்க்கரின் வாசலுக்குப் போய் நிற்கும். அந்த வொர்க்கருக்கு இந்த இணைப்பைத் தெரியாது. எந்த வசதிக்காக இதைப் போட்டோமோ அதே இடத்தில் உடைகிறது. இதற்குத்தான் 'குவிக்_பிபிஎஃப் ஆன்' என்ற வரி. அடையாள எண்ணைப் பார்த்துச் சரியான வொர்க்கரிடம் சேர்க்கும். இயல்பில் அது அணைந்திருக்கும். கெர்னல் 5.7 அல்லது அதற்கு மேல் வேண்டும், உபுண்டு 24.04-ல் கவலையில்லை.

தங்கச்சி, உன் சர்வரில் எத்தனை கோர்?

தெற்குவாடி
இரவு 11.44

ஒன்றுதான் காக்கா.

கீழக்கரையான்
இரவு 11.52

அப்படியானால் ஒரே வொர்க்கர். எல்லாம் ஒரே வாசலுக்குத்தான் வரும், உனக்கு அந்த வரியே வேண்டாம். பெரிய சர்வர் வாங்கும் நாளில் மறக்காமல் போட்டுக்கொள்.

குவிக் ஓடுவது யுடிபியில், அதனால் யுடிபி 443-ஐ ஃபயர்வாலில் திறந்துவிடு. வாடகை நிறுவனத்தின் பலகையிலும் தனியாகத் திறக்க வேண்டியிருக்கும், பழைய வழியான டிசிபி மட்டும் திறந்திருப்பதுதான் வழக்கம். இங்கே எச்டிடிபி/3 உண்டு என்று போனுக்குச் சொல்லும் 'ஆல்ட்-எஸ்விசி' தலைப்பை நீயே சேர்க்க வேண்டும். என்ஜின்எக்ஸ் தானாக அனுப்பாது. அந்தத் தலைப்பைப் பார்த்த பிறகுதான் போன் அடுத்த முறை எச்டிடிபி/3-ல் வரும். முதல் வருகை பழைய வழியில்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். யுடிபி அடைபட்ட நெட்வொர்க்கில் போன் தானே எச்டிடிபி/2-க்குத் திரும்பிவிடும். பக்கம் திறக்காமல் போகாது.

மண்டபம் பெரியவர்
மறுநாள் காலை 5.30

முதலில் 'ரிசால்வ்', பழைய காற்றுக்கு எல்லை, மணி. இந்த மூன்றும் ஓடுகின்றன என்று நீயே உடைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகு எச்டிடிபி/3. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால், ஏதாவது தவறும்போது எதனால் என்று தெரியாமல் நிற்பாய். பக்கம் மூன்று வினாடி தாமதமாக வரட்டும். தவறாக வரக் கூடாது.

தெற்குவாடி
ஐந்து நாள் கழித்து, இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. பெரியவர் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு 1.28 ஏற்றினேன். அமைப்புக் கோப்புகளை முன்பே திருத்திச் சோதித்து வைத்திருந்ததால் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. லாக் வரியில் கேஷின் நிலையையும் சேர்த்தேன், ஒவ்வொரு பக்கமும் புதிதாகப் போனதா பழையதாகப் போனதா என்று தெரியும்படி. இந்த ஒரு சொல் முன்பே லாக்கில் இருந்திருந்தால் அந்தப் பதினாறு மணி நேரமும் 'ஸ்டேல், ஸ்டேல்' என்று கத்தியிருக்கும்.

புதன்கிழமை வேண்டுமென்றே காற்றுக் கணக்கு நிரலை இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றி, டிஎன்எஸ்ஸில் முகவரியையும் மாற்றி, பழையதை நிறுத்தினேன். டிஎன்எஸ் கால அளவை முன்பே ஐந்து நிமிடமாகக் குறைத்திருந்தேன். என்ஜின்எக்ஸைத் தொடவே இல்லை. ஆறாவது நிமிடம் புதிய இயந்திரத்தின் லாக்கில் முதல் வருகை விழுந்தது. அந்த வரியை நான்கைந்து முறை படித்தேன்.

பிறகு இரண்டு இயந்திரங்களையும் நிறுத்திப் பார்த்தேன். காற்றுப் பக்கத்துக்குப் பத்து நிமிடம் கேஷ், அதற்கு மேல் அரை மணி நேரம் பழையது போகலாம் என்று எல்லை வைத்திருக்கிறேன். நாற்பது நிமிடம் ஆனதும் பக்கம் மாறியது: "காற்றுக் கணக்கு வரவில்லை. துறைமுகக் கூண்டைப் பாருங்கள்." சர்வருக்கு இணைப்பே இல்லாமல் போனில் பழைய பக்கம் திறந்தபடி கிடந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்தேன். பக்கத்துக்குள்ளேயே ஒரு சிறு நிரல் இருக்கிறது. கணக்கெடுத்த மணிக்கும் போனின் மணிக்கும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எண்களை மறைத்துவிடும்.

இன்று எச்டிடிபி/3 திறந்தேன். வாடகைப் பலகையில் யுடிபி மூடித்தான் இருந்தது, காக்கா சொன்னபடியே. வீட்டு வைஃபையில் பக்கத்தைத் திறந்து, அப்படியே வாடிக்கு நடந்தேன். தெருமுனையில் வைஃபை விட்டுப்போய் மொபைல் டேட்டா வந்தது. பக்கத்தைப் புதுப்பித்தேன், நிற்காமல் வந்தது. மற்ற போன்களில் எப்படி என்று ஒரு மாதம் லாக்கைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.

வாடியில் அப்பா வலையை உலர்த்திக்கொண்டிருந்தார். போனை வாங்கி, உறையின் மேல் இருந்த ஈரத்தைக் கைலியில் துடைத்துவிட்டு, "3.40-க்கு எடுத்தது" என்று மேலே இருந்ததைச் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். உறைக்குள் வைத்தால் எழுத்து மங்குகிறது, இன்னும் பெரிதாக வேண்டும் என்றார்கள். அதை இன்றிரவு செய்கிறேன்.

கீழக்கரையான்
இரவு 9.41

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வைத்துப் பார், தங்கச்சி. விடியும் முன் கண்ணைக் கூசாது.